பட்டுக்கு ஆகாத புகை

"எத்தனை வருஷமாம்மா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சுகாசினி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சங்கரிக்கு வந்ததே கோபம்! நாற்பத்தொரு வயசில், காலேஜுக்குப் போகிற பெண்ணை வைத்திருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "இன்னா டாக்டர், என்னைப் பாத்தா சிகரெட் பிடிக்கிறவளாட்டம் இருக்குதா? நான் வெத்தலகூடப் போட மாட்டேன்!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். எழுந்த வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல், ரெண்டு இருமல் இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமி, கடைசியில் மறுபடி அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டியதாயிற்று.

டாக்டர் சிரிக்கவில்லை. சங்கரியை ஊதச் சொன்ன குழாயிலிருந்து வந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "கோச்சுக்காதீங்கம்மா. பல வருஷம் பிடிச்சவங்களுக்குத்தான் மூச்சு இப்படிக் குறைஞ்சு நான் பாத்திருக்கேன். நீங்க பிடிக்கலன்னா, உங்க பக்கத்துல உக்காந்து யாரோ பிடிக்கிறாங்க. வீட்டுக்காரரா?"

"அவரு பிடிப்பாரு. ஆனா வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டாரு." இதைச் சொல்லும்போது சங்கரிக்கு எப்போதுமே கொஞ்சம் பெருமை. கல்யாணமான புதிதில் 'வீட்டுக்குள்ள அந்த நாத்தம் வரக் கூடாது' என்று அவள் ஒரு தடவை சொன்னாள். கதிர்வேல் சரி என்றான். இருபது வருஷமாக அந்த வார்த்தையை மீறியதில்லை. தெருவில் நாலு பெண்களிடம் அதைச் சொல்லிக் காட்டியும் இருக்கிறாள்.

"வீட்ல இல்லன்னா வேற எங்க பிடிப்பாரு?"

வேறு எங்கே? அவன் தறி ஓட்டுகிற நெசவுக் கொட்டகையின் பின்னறையில். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை சங்கரி உட்கார்ந்து வேலை செய்கிற அதே பின்னறையில். அடக் கண்றாவியே, இது இத்தனை நாள் மண்டையில் ஏறவில்லையே!

டாக்டர் மருந்து எழுதினார். "அந்த ரூமை மாத்துங்க, இல்லாட்டி வேலைய மாத்துங்க. புகைக்குள்ள உக்காந்துக்கினு மருந்து அடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்படியே விட்டா, கொஞ்ச நாள்ல தெருவுல நாலு வீடு நடக்கிறதுக்குள்ள நின்னு நின்னு போவீங்க."

வேலையை மாற்றுவதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீரபாகு முதலாளியின் கொட்டகையில் பத்துத் தறி. புடவைக் கரையில் எந்த மயில் எங்கே விழ வேண்டும், முந்தியில் எந்தக் கொடி எங்கே ஏற வேண்டும் என்று தறிக்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசை தப்பாமல் நூலால் கோர்த்து, நீளச் சங்கிலியாக்கித் தருகிறவள் சங்கரி. ஓர் அட்டை இடம் மாறினால் மயிலுக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வால் முளைத்துவிடும். பத்து வருஷத்தில் அவள் கோர்த்த அட்டையில் ஒரு மயில்கூட அப்படி முளைத்ததில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை இது. அதைப் பழுதில்லாமல் செய்கிறாள். அவள் ஏன் போக வேண்டும்?

அந்தப் பின்னறைக்குச் சிகரெட் எப்படி வந்தது என்ற கதையைக் கேட்டால் வயிறு எரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் முன்கூடத்தில், தறிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு கல்யாண வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவை திரும்பி வந்தது. மடிப்பைப் பிரித்ததும் பெண்ணின் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இன்னா இது, சிகரெட் நாத்தம் அடிக்குது' என்றாளாம். பட்டு அப்படித்தான், பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். வீரபாகு அன்றே பலகை எழுதி மாட்டிவிட்டார்: 'பட்டு இருக்கும் இடத்தில் புகை பிடிக்காதீர்'. பட்டணத்திலிருந்து வருகிற பெரிய வியாபாரி பற்ற வைத்தாலும் 'வெளிய போய்ட்டு வாங்க' என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அவ்வளவு கண்டிப்பு!

ஆண்கள் தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். எதிரே பள்ளிக்கூடம். அதிகாரிகள் வந்து டீக்கடைக்காரருக்கு அபராதம் போட்டுவிட்டுப் போனார்கள். அவரும் ஒரு பலகை மாட்டினார். தெருவிலும் கூடாது, கூடத்திலும் கூடாது என்றானதும் எல்லோருடைய கண்ணும் பின்னறை மேல் விழுந்தது. பத்தடிக்கு ஆறடி, தகரக் கூரை, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரே ஒரு குட்டி ஜன்னல். அங்கே பட்டு இல்லை, அட்டைதான் இருந்தது. அட்டையில் நாற்றம் ஏறினால் யாருக்கு என்ன கவலை? அட்டை கோர்க்கிறவள்மேல் ஏறினால் மட்டும் யாருக்கு என்ன கவலை?

டாக்டரிடமிருந்து வந்த மறுநாள், பதினோரு மணிக்கு ஆண்கள் தறியை விட்டு எழுந்தபோது, சங்கரி கூடத்தின் நடுவில் போய் நின்றாள். "முதலாளி, ஒரு விஷயம் பேசணும். எல்லாரும் இருக்கசொல்லவே பேசணும்."

வீரபாகு கெட்ட மனுஷர் இல்லை. டாக்டர் சொன்னதை அவள் சொன்னதும் "ஐயையோ" என்று பதறினார். "மிளகைப் பொடி பண்ணித் தேன்ல குழைச்சு சாப்பிடும்மா. ரெண்டு நாள் லீவு வேணா எடுத்துக்கோ" என்றார்.

"லீவு வேணாம் முதலாளி. பின்னறையில பிடிக்க வேணாம்னு சொல்லுங்க. அது போதும்."

அவ்வளவுதான், பதற்றம் போன இடம் தெரியவில்லை. "அதெப்படிம்மா? மனுஷன் காலையிலேர்ந்து தறிக்குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டுக்கினு மிதிக்கிறான். ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் அடுத்த முழம் ஓடும். வேணாம்னு சொன்னா நாளைக்கே வேற கொட்டாய்க்குப் போயிடுவான். அப்புறம் பத்துத் தறியையும் நானா மிதிக்கிறது?"

மூத்த நெசவாளி தர்மன் காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்து உருட்டினார். "நான் முப்பது வருஷமா பிடிக்கிறேன். எனக்கு ஒரு இருமல் உண்டா? உன் உடம்பு வீக்கு. அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

டிசைன் போடும் ஜெயக்குமார் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தான். கொட்டகையில் சட்டம் கிட்டம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். "முதலாளி, வேலை செய்யிற இடத்திலயும் பிடிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குது. பிரைவேட்டுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஃபைன் போடலாம்."

வீரபாகுவுக்குச் சுருக்கென்றது. "டேய், பஸ் ஸ்டாண்டு பொது இடம், ஒத்துக்கிறேன். கோயில் பொது இடம், தியேட்டர் பொது இடம். இது எங்கப்பா கட்டின கொட்டாய்டா. டிக்கெட் வாங்கிக்கினா உள்ள வர்றாங்க? என் இடத்துல எவன் இன்னா பண்ணணும்னு எவன்டா எனக்குச் சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம் முதலாளி" என்றாள் சங்கரி. மூச்சு வாங்கியது, இருந்தாலும் விடவில்லை. "உங்க இடம்தான். கூடத்துல பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வாயால ஒரு தடவை சொன்னீங்க, எட்டு வருஷமா ஒருத்தன் மீறலியே. இன்னொரு தடவை சொல்றதுக்கு இன்னா?"

"அதும் இதும் ஒண்ணாம்மா? இங்க பட்டு இருக்குது!"

"அங்க நான் இருக்கேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கப்போவதில்லை. வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிப்பா, எனக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு? தறிக்காரங்களே சொல்லட்டும். பின்னறை இப்படியே இருக்கட்டும்னு சொல்றவன் கையைத் தூக்கு. நீ இரும்மா, இது தறிக்காரங்களுக்கு. ஜெயக்குமாரு, நீயும் தூக்க வேணாம்."

அதாவது, புகையைத் தின்கிறவளுக்கு ஓட்டு இல்லை; விடுகிறவனுக்கு ஓட்டு. எப்படி இருக்கிறது நியாயம்! ஒவ்வொரு கையாக எழுந்தது. சிகரெட்டே தொடாத இருவர் கையைத் தூக்காமல் கூரையைப் பார்த்தார்கள். ஏழு கை எழுந்தது. நான்காவது தறியில் கதிர்வேல் இருந்தான். அவன் கை மடியிலேயே இருந்தது. தர்மன் அவனைத் திரும்பிப் பார்த்தார். கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டே, காது வரைக்கும் கையைத் தூக்கினான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. கதிர்வேல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றான்.

"நான் ஒருத்தன் தூக்காம இருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? அவங்க ஏழு பேரு" என்றான்.

"ஒண்ணும் ஆயிருக்காது. எம் புருஷன் தூக்கலன்னு இருந்திருக்கும்."

"பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு பேசுவாங்க சங்கரி. உனக்குத் தெரியாது. வீட்ல ஒரு நாளாவது பிடிச்சிருக்கேனா? உன் பேச்சை மீறி இருக்கேனா, சொல்லு."

"அதையே சொல்லிக்கினு இரு. வீட்ல நான் எத்தனை மணி நேரம்யா இருக்கேன்? கண்ணு முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அந்த ரூம்லதான் இருக்கேன். வீட்டுச் செவுத்துக்குப் புகை படாம பாத்துக்கினு, என் மூஞ்சியில ஊதி இருக்கிற. அதையும் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்." அதற்கு மேல் பேசவிடாமல் இருமல் வந்தது. அவன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

மறுநாள் காலை, கூடத்தில் வீரபாகுவின் பாய்மேல் ஓர் அரக்குச் சிவப்பு முகூர்த்தப் புடவை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தது. முந்தின நாள்தான் தறியிலிருந்து அறுத்தது. பன்னிரண்டு மணிக்குப் பெண் வீட்டார் வேலூரிலிருந்து வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. முதலாளி வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

சங்கரி துணியைப் பிரித்தாள், புடவையைத் தூக்கினாள், பின்னறைக்குக் கொண்டுபோய் கொடியில் விரித்துப் போட்டாள். அந்தக் கல்யாணப் பெண்மேல் அவளுக்கு என்ன கோபம்? யார் பெற்ற பெண்ணோ. ஆனால் வேறு வழி என்ன இருந்தது? வாயால் சொல்லியாயிற்று, டாக்டர் பேரைச் சொல்லியாயிற்று, ஜெயக்குமார் சட்டத்தையும் சொல்லிவிட்டான். அட்டைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

தர்மனும் கதிர்வேலும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். இருட்டறையில் கொடியில் கிடப்பதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை மட்டும் என்ன, பார்த்தார்களா? தீக்குச்சி கிழித்தார்கள்.

"பாய் மேல இருந்த புடவை எங்கடா?" கூடத்தில் வீரபாகுவின் குரல் கேட்டது.

"இங்கதான் முதலாளி இருக்குது" என்றாள் சங்கரி, உட்கார்ந்த இடத்திலிருந்து.

அவர் ஓடி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. "அணைங்கடா! டேய், அணைங்கடா பாவிங்களா!" ஐந்து சிகரெட்டும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்து நசுங்கின. தர்மன் வாயில் இருந்த புகையை வெளியே விடப் பயந்து, கன்னம் உப்ப அப்படியே நின்றார். வீரபாகு புடவையை வாரி எடுத்துக் கூடத்துக்கு ஓடினார். மின்விசிறிக்கடியில் பிடித்து, மடிப்பு மடிப்பாக மூக்கில் வைத்து முகர்ந்தார். முந்தியை முகர்ந்தார், கரையை முகர்ந்தார். "அப்பாடா, ஏறல. நல்ல வேளை, ஏறல" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடி? ஒரு குடும்பத்துக் கல்யாணம்டி அது!"

"தெரியும் முதலாளி. புடவைமேல புகை பட்டு ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ஓடியாந்தீங்க. நான் எட்டு வருஷமா அதே இடத்துலதான் உக்காந்து இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எம்மேல ஏறிச்சா இல்லையான்னு யாராவது கேட்டீங்களா?"

கதிர்வேல் கதவோரமாக நின்றிருந்தான். அவளைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பெண் வீட்டார் வந்து, புடவையைப் பார்த்து, சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்ததும் அவர் எல்லோரையும் கூப்பிட்டார். "இன்னிலேர்ந்து பின்னறையில எவனும் பிடிக்கக் கூடாது. பிடிச்சவன் தறியை விட்டு எழுந்துடலாம். அவ்வளவுதான் பேச்சு."

ஒரே நாளில்! சங்கரிக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிலிருந்து போகும் வழியில் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். கதிர்வேலோடுகூட இரண்டு வார்த்தை பேசினாள். அடுத்த நாள் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்த நாள் என்பதால், காலையில் கிளினிக்குக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு மேல்தான் கொட்டகைக்கு வந்தாள். 'இனிமே அந்த ரூம்ல யாரும் பிடிக்க மாட்டாங்க டாக்டர்' என்று அங்கே வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்து வேலை நடந்திருந்தது; பின்னறை அடையாளமே தெரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பினாயில். ஜன்னலுக்கு மேலே சுவரை இடித்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தார்கள். 'ஒரு ஃபேனாவது போடுங்க முதலாளி' என்று அவள் எத்தனை ஆடி மாசம், எத்தனை பங்குனி மாசம் கேட்டிருப்பாள்! அறையின் நடுவில், ஆளுயரத்துக்கு ஒரு புது இரும்பு பீரோ. வீரபாகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன்மா. நீ பண்ணது தப்புதான், ஆனா ஒரு விதத்துல கண்ணைத் தொறந்துட்ட. கூடத்துக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு கதவு. என்னைக்காவது நாத்தம் உள்ள வந்துட்டா? அதான், இனிமே முடிஞ்ச புடவை எல்லாம் இங்கதான். நாத்தம் இல்லாம, பத்திரமா."

"என் அட்டை எங்க முதலாளி?"

"கதிர்வேலு எடுத்துப் போட்டிருக்கான், பாரு."

கொட்டகைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. மேலே தகரம். அங்கே அவளுடைய பாயை விரித்து, அட்டைக் கட்டுகளை அழகாக அடுக்கி வைத்திருந்தான் கதிர்வேல். "காத்தோட்டமா இருக்கும்னு நானேதான் தூக்கியாந்தேன். நல்லா இருக்குதா?" என்றான். முகத்தில் அவ்வளவு ஆசை. பாயின் தலைமாட்டிலேயே ஒரு பழைய தகர டப்பா நிறைய மணல் இருந்தது. சிகரெட் அணைக்க. அவன் கண்ணில் அது படவே இல்லை.

பதினோரு மணி அடித்தது. தர்மன் முதலில் வந்தார், பின்னாலேயே மற்றவர்கள். தெருவுக்குப் போனால் பள்ளிக்கூடம், உள்ளே போனால் பீரோ. "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு அவள் தலைக்கு மேலே தீக்குச்சியைக் கிழித்தார் தர்மன்.

சங்கரி எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். நான்காவது தறிக்காகக் கோர்த்துக்கொண்டிருந்த அட்டைக் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதிர்வேல் கையில் பற்ற வைக்காத சிகரெட்டோடு வழியில் நின்றான். "எங்க போற? முதலாளி திட்டுவாரு. இரு, நான் பேசிப் பாக்கறேன்" என்றான். 'தள்ளு' என்றுகூட அவள் சொல்லவில்லை. அவனே தள்ளிக்கொண்டான்.

பின்னறையில், பீரோவுக்கு முன்னால் பாயை விரித்து, அதன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஜில்லென்று இருந்தது. நிஜமாகவே காற்று நன்றாகத்தான் இருந்தது, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

வீரபாகு வாசற்படியில் நின்று பதறினார். "சங்கரி, இன்னாம்மா இது! இது புடவை வைக்கிற ரூம்மா!"

"தெரியும் முதலாளி. அதனாலதான் இங்க உக்காந்து இருக்கேன்."

"உன் அட்டையில எட்டு வருஷ நாத்தம் இருக்குது. புடவைக்கு ஏறிடும்மா. எழுந்திரும்மா."

"அட்டையில மட்டுமா இருக்குது? என் நெஞ்சுக்குள்ள இருக்குது, டாக்டர் ஊத வச்சுப் பாத்துட்டாங்க. இந்த ஊருலயே பட்டுக்குன்னு ஒரு நல்ல காத்து இருக்குது, அது இந்த ரூம்ல இருக்குது. நான் இங்கதான் மூச்சு விடுவேன். என்னை எழுப்பணும்னா முதல்ல பீரோவைத் தூக்குங்க. அது எங்க போவுதோ, அதுக்குப் பின்னாலேயே நானும் வருவேன்."

நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பீரோ அது. சங்கரி ஊசியில் நூலைக் கோர்த்து, அடுத்த அட்டையை எடுத்தாள்.